அறிவியல் புனைகதை வாசிப்பது சின்னப்பிள்ளை விளையாட்டா?

நீங்கள் கேட்டிருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் மூன்று கேள்விகள். விண்வெளிப் படங்களில் காட்டுவதில் எவ்வளவு உண்மை, படம் பார்த்தால் போதாதா புத்தகமும் படிக்க வேண்டுமா, இந்தக் கதைகள் சொன்னதெல்லாம் பின்னால் பலிக்கிறதா. ஆனால் நடுவில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "வீட்டில் எல்லாரும் இதைச் சின்னப்பிள்ளைத்தனம் என்கிறார்கள்." உங்களை உறுத்துவது அதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். இத்தனை நேரம் இதில் போகிறதே, இது வெறும் பொழுதுபோக்கா, இல்லை அன்றாட வாழ்க்கையில் எங்காவது வந்து ஒட்டுகிறதா? இயற்பியல் சொல்லிக்கொடுப்பது என் தொழில். இந்தக் கதைகளைப் படிப்பது அதைவிடப் பழைய பழக்கம். ஆகவே படங்களின் அறிவியலைப் பற்றி உறுதியாகச் சொல்வேன். மற்றதை ஒரு வாசகனின் அபிப்பிராயமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பலிப்பதில் தொடங்குகிறேன். ரசிகர்கள் மார்தட்டிக்கொள்ளும் இடமும் இதுதான், எனக்குச் சலிப்பூட்டும் இடமும் இதுதான். ஜூல் வெர்ன் 1865இல் எழுதிய சந்திரப் பயணக் கதையில் மூன்று பேர் ஃப்ளோரிடாவிலிருந்து கிளம்புகிறார்கள். 1969இல் அப்போலோ 11இல் போன மூவரும் அங்கிருந்துதான் கிளம்பினார்கள். கேட்கப் புல்லரிக்கிறது. ஆனால் வெர்னின் ஆட்கள் போவது பீரங்கிக் குண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு. பீரங்கியின் நீளம் 900 அடி. அந்தத் தூரத்துக்குள் பூமியை விட்டு விலகும் வேகத்தை எட்டுவதென்றால் உள்ளே இருப்பவர் உடலின் மேல் அதன் எடையைப்போல இருபதாயிரம் மடங்குக்கு மேல் விசை அழுத்தும். கிளம்பிய கணமே கூழ்தான். ஆர்தர் சி. கிளார்க் செயற்கைக்கோள் தொடர்பை முன்கூட்டிச் சொன்னார் என்பதும் இப்படித்தான் அரைகுறையாகச் சுற்றுகிறது. அவர் 1945இல் அதை எழுதியது ஒரு வானொலித் தொழில்நுட்ப இதழில், கட்டுரையாக, கதையாக அல்ல. மேலே ஆட்கள் தங்கிப் பராமரிக்கும் நிலையங்களைத்தான் அவர் மனதில் வைத்திருந்தார். ஆளே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் ஓடும் பெட்டிகளை அல்ல.

நிஜமாகவே வலுவான உதாரணம் ஒன்று உண்டு. எச். ஜி. வெல்ஸ் 1914இல் வெளியான ஒரு நாவலில் அணுகுண்டு என்ற பெயரோடேயே ஓர் ஆயுதத்தை எழுதினார். இயற்பியலாளர் லியோ சிலார்ட் அந்த நாவலை 1932இல் படித்தார். அடுத்த ஆண்டே, அணுகுண்டுக்கு அடிப்படையான அணுக்கருத் தொடர்வினை என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. அந்த நாவலைப் படித்ததை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். இதைக் குறி பலித்தது என்று சொல்வதைவிட, கதை ஒருவர் மண்டைக்குள் புகுந்து வேலை செய்தது என்று சொல்வது சரியாக இருக்கும். ராக்கெட் முன்னோடி ராபர்ட் கோடார்ட் 16 வயதில் வெல்ஸின் செவ்வாய்க்கிரகப் படையெடுப்புக் கதையைப் படித்து மயங்கியதும் அவரே பதிவு செய்ததுதான். ஆனால் இதை வைத்து "இந்தக் கதை படித்தால் விஞ்ஞானி ஆகலாம்" என்று கிளம்பிவிட முடியாது. படித்துவிட்டு ஒன்றும் ஆகாதவர்கள் வாழ்க்கை வரலாறு எழுதுவதில்லை.

பலிக்காததைப் பார்ப்பதுதான் எனக்கு அதிக சுவாரசியம். 1982இல் வந்த 'பிளேட் ரன்னர்' படம் 2019 நவம்பரில் நடக்கிறது. பறக்கும் கார் இருக்கிறது, மனிதரிடமிருந்து பிரித்தறிய முடியாத செயற்கை மனிதர் இருக்கிறார்கள். ஆனால் கதாநாயகன் நமக்கு அறிமுகமாகும்போது தெருவோரம் நின்று அச்சடித்த செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கிறான். பின்னால் ஒரு மதுக்கூடத்திலிருந்து ஒரு பெண்ணைக் கூப்பிடும்போது சுவரில் பதித்த பொதுத் தொலைபேசியில்தான் பேசுகிறான். அதில் முகம் தெரிகிறது. பேசி முடித்ததும் ஒன்றேகால் டாலர் என்று கட்டணமும் தெரிகிறது. படம் எடுத்தவர்களை நான் குறை சொல்லவில்லை. எந்தக் காலத்திலும் ஒரு சமூகம் தன் பழக்கங்களில் எதையெல்லாம் "இது எப்போதும் இருக்கும்" என்று நினைத்துக்கொள்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. காரைப் பறக்கவிடத் தோன்றியவர்களுக்குத் தொலைபேசியைச் சுவரிலிருந்து கழற்றத் தோன்றவில்லை. இன்றைக்கு வரும் படங்களிலும் இப்படி ஏதோ ஒன்று நம் கண்ணில் படாமல் ஒளிந்திருக்கும்.

அப்படியானால் இந்தக் கதைகள் எதில் கெட்டி? ஒரு மாற்றத்தை எடுத்துக்கொண்டு, அது சாதாரண மனிதர்களின் வீட்டுக்குள் வந்தால் என்ன ஆகும் என்று விடாமல் பின்தொடர்ந்து போவதில். இ. எம். ஃபார்ஸ்டர் 1909இல் 'தி மெஷின் ஸ்டாப்ஸ்' என்ற சிறுகதை எழுதினார். எல்லாரும் பூமிக்கடியில் ஆளுக்கோர் அறையில் தனியாக வாழ்கிறார்கள். சாப்பாடு, காற்று, பாட்டு, பேச்சு எல்லாம் இயந்திரத்தின் வழியே. உலகத்தின் மறுபக்கத்திலிருந்து மகன் கூப்பிடுகிறான். அம்மா மற்ற அழைப்புகளையெல்லாம் அடைத்துவிட்டு, உனக்கு முழுதாக ஐந்து நிமிடம் ஒதுக்குகிறேன் என்கிறாள். அடுத்து அவளுக்கு இசையைப் பற்றி ஓர் உரை நிகழ்த்த வேண்டியிருக்கிறது. மகன் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: நேரில் வா. அவளுக்குப் புரியவில்லை. இதோ திரையில் உன்னைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன் என்கிறாள். அவன் முகம் வாடியிருப்பதுபோல அவளுக்குத் தோன்றுகிறது, ஆனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. முகபாவத்தின் நுணுக்கங்களை அந்த இயந்திரம் கடத்துவதில்லை. காணொளி அழைப்பு வருமென்று அவர் கண்டுபிடித்தார் என்று இந்தக் கதையை மெச்சுபவர்கள் உண்டு. அது சின்ன விஷயம். ஐந்து நிமிடத்தைத் தாராளமாகத் தருவதாக நினைக்கும் ஒரு தாயைக் கண்டுபிடித்தார் பாருங்கள், அதுதான் பெரிய வேலை.

ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451' 1953இல் வந்தது. புத்தகம் எரிப்பதைத்தான் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். நான் திரும்பத் திரும்பப் போவது அந்தப் படுக்கையறைக்கு. கதாநாயகனுடைய மனைவியின் இரண்டு காதிலும் சிப்பிபோன்ற சின்ன ஒலிபெருக்கிகள். அவை எந்நேரமும் காதிலேயே கிடப்பதால் எதிரில் இருப்பவர் பேசுவதை உதட்டசைவை வைத்தே புரிந்துகொள்ள அவள் பழகிவிட்டாள். வீட்டில் மூன்று சுவர் முழுக்கத் தொலைக்காட்சி. நான்காவதும் வேண்டும் என்கிறாள். இரண்டாயிரம் டாலர்தானே என்கிறாள் அவள். என் ஒரு வருடச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு என்கிறான் அவன். காதுக்கருவியை வரைந்து காட்ட எந்தப் பொறியாளராலும் முடியும். அதை மாட்டிக்கொண்டவள் உதட்டைப் படிக்கக் கற்றுக்கொள்வாள் என்பதும், அதற்காக வீட்டில் சம்பளச் சண்டை நடக்கும் என்பதும் கதாசிரியனுக்குத்தான் தெரிகிறது.

ஐசக் அசிமோவின் மூன்று ரோபோ விதிகளையும் (மனிதருக்குத் தீங்கு செய்யாதே, மனிதர் சொல்வதைக் கேள், உன்னைக் காத்துக்கொள்) இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் செயற்கை நுண்ணறிவு பற்றிப் பேச்சு வந்தாலே "அதான் மூன்று விதி இருக்கிறதே, அதைப் போட்டுவிட்டால் போச்சு" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். 1942இல் அந்த விதிகள் முதன்முதலில் முழுசாக எழுத்தில் வந்த கதையே அவை சொதப்புவதைப் பற்றியதுதான். புதன் கிரகத்தில் செலினியம் எடுத்துவரச் சொல்லி ஒரு ரோபோவை அனுப்புகிறார்கள். கட்டளையை அழுத்திச் சொல்லவில்லை. விலையுயர்ந்த ரோபோ என்பதால் தற்காப்பு விதியைச் சற்றுத் தூக்கலாக வைத்திருக்கிறார்கள். செலினியக் குட்டைக்குப் பக்கத்தில் ஆபத்து. கட்டளை முன்னே இழுக்கிறது, தற்காப்பு பின்னே இழுக்கிறது. இரண்டும் சமமாகும் தூரத்தில் அது குட்டையைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒரு கோப்பு இரண்டு துறைகளுக்கிடையே மாதக்கணக்கில் சுற்றுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ரோபோ ஞாபகம் வரும். யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது, எல்லாரும் விதிப்படிதான் நடக்கிறார்கள், வேலை மட்டும் நடப்பதில்லை.

இனி படங்களின் அறிவியல். இதில் சிலவற்றைச் சந்தேகமில்லாமல் சொல்லலாம். வெற்றிடத்தில் வெடிச்சத்தம் கேட்காது. விண்கற்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நெருக்கமாக மிதப்பதில்லை. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் இருக்கும் பட்டையை பயனியர் 10 கலம் 1970களின் தொடக்கத்திலேயே சேதமில்லாமல் கடந்துவிட்டது. தலைக்கவசம் இல்லாமல் விண்வெளியில் விழுந்தவர் பலூன்போல வெடிக்கமாட்டார். பத்துப் பதினைந்து நொடியில் நினைவு தப்பும், சீக்கிரம் உள்ளே இழுத்துவிட்டால் பிழைக்கவும் வாய்ப்புண்டு. 'கிராவிட்டி' 2013இல் வந்தபோது எனக்கு ரொம்பப் பிடித்தது, இன்றும் பிடிக்கும். ஆனால் ஹபிள் தொலைநோக்கியிலிருந்து சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு மிதந்தே போய்விடுவது சுத்தமாகக் காதில் பூ. ஒன்றின் சுற்றுப்பாதை நிலநடுக்கோட்டுக்கு 28.5 பாகை சாய்ந்தது, மற்றது 51.6 பாகை. அந்தத் தளத்தைத் திருப்புவதற்கு மட்டுமே குறைந்தபட்சம் நொடிக்கு 3 கிலோமீட்டர் அளவுக்கு வேகமாற்றம் தேவை. முதுகில் மாட்டும் உந்துகலம் தருவது நொடிக்குச் சில பத்து மீட்டர். 'தி மார்ஷியன்' கதையைத் தொடங்கிவைக்கும் புயலும் அப்படித்தான். செவ்வாயின் காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அங்கே மணிக்கு 160 கிலோமீட்டரில் வீசும் காற்று, இங்கே 20 கிலோமீட்டர் காற்று தள்ளுமளவுக்குத்தான் தள்ளும். துணி காயும், ராக்கெட் சாயாது. நாவலாசிரியர் ஆண்டி வியர் இது தெரிந்தே செய்த சலுகை என்று ஒப்புக்கொண்டவர். ஒரு கதைக்கு ஒரு பொய் என்ற கணக்கில் நான் விட்டுவிடுவேன்.

'இன்டர்ஸ்டெல்லர்' பற்றித்தான் நீங்கள் குறிப்பாகக் கேட்டிருக்கிறீர்கள். ஒரு மணி நேரம் போனால் வெளியே ஏழு வருடம் போகும் அந்த நீர்க்கிரகம் முழுக் கற்பனை அல்ல. அதன் பக்கத்தில் இருக்கும் கருந்துளை (ஒளிகூடத் தப்ப முடியாத ஈர்ப்புள்ள பொருள்) தன் உச்ச சுழற்சி வேகத்துக்கு மிக மிக நெருக்கமாகச் சுழன்றால் கணக்குப்படி சாத்தியம். இயற்கையில் அப்படி ஒன்று அமையுமா என்பதுதான் சந்தேகம். கருந்துளைக்கு உள்ளே கதாநாயகன் பார்ப்பதெல்லாம் ஊகம், அதைச் சரியென்றோ தப்பென்றோ யாராலும் சொல்ல முடியாது. கருந்துளையைத் திரையில் காட்டுவதற்கு, ஆலோசகராக இருந்த இயற்பியலாளர் கிப் தோர்ன் கொடுத்த சமன்பாடுகளையே பயன்படுத்தினார்கள். ஆனால் ஒரு விஷயத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். கருந்துளையைச் சுற்றிச் சுழலும் வாயு வட்டில் நம்மை நோக்கி வரும் பக்கம் பிரகாசமாகவும் விலகிப் போகும் பக்கம் மங்கலாகவும் தெரிய வேண்டும். பார்ப்பவர்கள் குழம்புவார்கள் என்று படத்தில் இரண்டு பக்கத்தையும் ஒன்றுபோலக் காட்டினார்கள். 2019 ஏப்ரலில் எம்87 விண்மீன்திரளின் கருந்துளைப் படம் வெளியானபோது பாருங்கள், வளையத்தின் ஒரு பக்கம் மட்டும் தடித்துப் பளிச்சென்று இருந்தது.

நேரம் மெதுவாகப் போவதெல்லாம் நமக்கெங்கே என்றால், அது உங்கள் கைபேசியில் தினமும் நடக்கிறது. வழி காட்டும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கே ஈர்ப்பு குறைவு என்பதால் கடிகாரம் நாளொன்றுக்கு 45 மைக்ரோநொடி வேகமாக ஓடும். கலத்தின் வேகத்தால் 7 மைக்ரோநொடி பின்தங்கும். மிச்சம் 38. இதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் இருப்பிடக் கணக்கு பத்துக் கிலோமீட்டர் அளவுக்குத் தவறிப்போகும். வகுப்பில் ஐன்ஸ்டைனை அறிமுகப்படுத்த எனக்கு அந்த நீர்க்கிரகமும் இந்த 38 மைக்ரோநொடியும் சேர்ந்தாற்போல் வேண்டும். முதலாவது ஆசையைக் கிளப்பும், இரண்டாவது நம்பவைக்கும்.

படமா புத்தகமா என்பதற்கு ஒரே ஒரு ஜோடியைச் சொல்கிறேன். டெட் சியாங்கின் 'ஸ்டோரி ஆஃப் யுவர் லைஃப்', அதிலிருந்து 2016இல் எடுத்த 'அரைவல்'. (இரண்டையும் பார்க்கப்போகிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) வேற்றுக்கிரகவாசிகளின் எழுத்தைக் கற்கும் ஒரு பெண்ணுக்கு வருங்காலம் நினைவாகத் தெரியத் தொடங்குகிறது, தன் மகள் இளவயதில் இறப்பாள் என்பதும் தெரிகிறது. படத்தில் மகள் தீராத நோயில் இறக்கிறாள். கதையில் 25 வயதில் பாறை ஏறும்போது விழுந்து இறக்கிறாள். சின்ன மாற்றம்போலத் தெரியும். ஆனால் தீராத நோயை முன்கூட்டித் தெரிந்து என்ன செய்ய முடியும்? பாறையேற்றத்தை ஒரு வார்த்தை சொல்லித் தடுத்திருக்கலாமே! தெரிந்தும் ஏன் தடுக்கவில்லை என்ற கேள்வியைக் கதை உங்கள் மடியில் போட்டுவிடுகிறது, படம் அதை மென்மையாக எடுத்துக்கொண்டுவிடுகிறது. அதற்கு அடித்தளமாக ஒளியைப் பற்றிய ஃபெர்மாவின் கொள்கையைக் கதையில் வைத்திருக்கிறார்: காற்றிலிருந்து நீருக்குள் போகும் ஒளி, போய்ச் சேரும் இடம் முன்பே தெரிந்ததுபோலக் குறைந்த நேரமாகும் பாதையில் வளைகிறது. இதைத் திரையில் விளக்க நேரமில்லை. பதிலுக்கு நாடுகளுக்கிடையே ஒரு நெருக்கடியைச் சேர்த்தார்கள். படம் நல்ல படம்தான். அந்த எழுத்துகள் கண்ணாடித் தடுப்பில் மைப்புகைபோல விரிவதைத் தாளில் யாராலும் காட்ட முடியாது. பிரமிப்புக்குப் படம், விளைவுகளை நிதானமாகத் தொடர்ந்து போவதற்குப் புத்தகம் என்பது என் அனுபவம்.

படம் என்றாலே பிரம்மாண்டம் என்றில்லை. 1963இலேயே 'கலை அரசி'யில் வேற்றுக்கிரகத்தார் வந்து இங்கிருந்து ஒரு பாடகியைத் தூக்கிப் போனார்கள், அது வேறு ஜாலி. 2015இல் வந்த 'இன்று நேற்று நாளை'யை நான் பலருக்கும் சிபாரிசு செய்வேன். காலயந்திரம் கையில் கிடைத்த இரண்டு பேர் அதை வைத்துத் தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துக் கொடுத்து, சோதிடம் என்று சொல்லிக் காசு பார்க்கிறார்கள். சரித்திரத்தை மாற்றக் கிளம்பும் நாயகர்களைவிட இது எவ்வளவோ நம்பும்படி இருக்கிறது. மாறாக, இணைப் பிரபஞ்சங்களைக் காட்டி இறந்தவரையெல்லாம் பக்கத்துப் பிரபஞ்சத்திலிருந்து கூட்டிவரும் படங்கள் எனக்கு ஒத்துவருவதில்லை. எதற்கும் விலை கொடுக்கத் தேவையில்லை என்றானபின் எதற்குக் கவலைப்பட வேண்டும்?

அன்றாட வாழ்க்கைக்கு வருகிறேன். இந்த வாசிப்பு மனிதர்களை மொத்தத்தில் புத்திசாலியாக்குகிறது, பரிவுள்ளவராக்குகிறது என்றெல்லாம் நான் சொல்லமாட்டேன். இயல்பாகவே அப்படிப்பட்டவர்கள் இந்தப் பக்கம் வந்திருக்கலாம். என்னிடம் தெரியும் பழக்கங்களை மட்டும் சொல்கிறேன். ஒரு வசதி புதிதாக வந்தால், அது வேலை செய்யுமா என்பதோடு நில்லாமல், எல்லாரிடமும் வந்துவிட்டால் யார் யாரோடு எப்படி நடந்துகொள்வார்கள் என்று யோசிக்கத் தோன்றுகிறது. செய்தியைப் படித்துவிட்டார் என்று காட்டும் அந்த இரண்டு நீலக் குறிகளை எடுத்துக்கொள்ளுங்கள். தொழில்நுட்பமாகப் பார்த்தால் அற்ப விஷயம். ஆனால் படித்தும் பதில் போடாமல் இருப்பது அவமரியாதை என்று ஒரு புது நடைமுறையே அதனால் வந்துவிட்டது. அந்தக் குறி வராமல் இருக்கச் செய்தியைத் திறக்காமலே அறிவிப்பில் எட்டிப் பார்த்துப் படிப்பவர்கள் எத்தனை பேர்! அந்தப் படுக்கையறைப் பெண் உதட்டைப் படித்த அதே கதைதான்.

இன்னொன்று, அளவு பற்றிய உணர்வு. 2017இல் டிராப்பிஸ்ட்-1 என்ற விண்மீனைப் பூமி அளவுள்ள ஏழு கிரகங்கள் சுற்றுகின்றன என்று செய்தி வந்ததும், எப்போது குடிபோகலாம் என்று கேட்டார்கள். தூரம் சுமார் 40 ஒளியாண்டு. 1977இல் கிளம்பிய வாயேஜர் 1 நொடிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதே வேகத்தில் போனால் ஏறத்தாழ 7 லட்சம் ஆண்டு. கதைகளில் பயணக்காலம் எவ்வளவு என்று நச்சரித்துப் பழகியவனுக்கு இந்தக் கணக்கு தானாக வரும். கெட்ட பழக்கமும் ஒன்று ஒட்டிக்கொள்ளும்: மனிதர்கள் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டிய தகராறுக்கெல்லாம் ஒரு கருவி வந்து விடை சொல்லிவிடும் என்ற நம்பிக்கை. எதிர்காலத்தை எச்சரிக்கையாக எழுதிய நாவலைத் திட்ட வரைபடமாகப் படிக்கிறவர்கள் இந்தக் கூட்டத்தில் குறைவில்லை. படம் ஓடும்போது பக்கத்தில் இருப்பவரிடம் "இது நடக்காது" என்று கிசுகிசுப்பது இன்னொரு நோய்.

எங்கே தொடங்குவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிறுகதையில் தொடங்குங்கள், இந்த வகைக்குச் சிறுகதைதான் சொந்த வீடு. மேலே சொன்ன ஃபார்ஸ்டர், அசிமோவ், சியாங் மூவருமே ஒரே அமர்வில் படித்து முடிக்கக்கூடியவர்கள். தமிழில், நாவல் என்றாலும், சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. ஜீனோ என்ற இயந்திர நாயை எல்லாரும் சிலாகிப்பார்கள், நீங்கள் அங்கே பிள்ளை பெற்றுக்கொள்ளவே அரசின் அனுமதி தேவைப்படுவதைக் கவனியுங்கள். ஜெயமோகனின் 'விசும்பு' தொகுப்பு வேறு ருசி; இயந்திரத்தைவிட நம் பழைய அறிவுமரபுகளில் அதற்கு ஈடுபாடு அதிகம். இன்னொரு நாவலுக்குப் போகத் தோன்றினால் உர்சுலா லெ குவினின் 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்', 1969. அதன் முன்னுரை பின்னால் சேர்த்தது. இந்த வகை எழுத்து எதிர்காலத்தைச் சொல்வதில்லை, இருப்பதைத்தான் விவரிக்கிறது என்று அதில் வாதாடுகிறார். முன்னுரையை நாவல் முடிந்தபின் படிப்பது நல்லது. எந்தப் புத்தகமானாலும் முதல் ஐம்பது பக்கத்துக்குள் பிடிக்கவில்லையென்றால் தயங்காமல் மூடிவிடுங்கள். பாகம் பாகமாக நீளும் தொடர்களை இப்போதைக்குத் தொடவே வேண்டாம்.